அம்மாவும் நாலு ஷாக்கரும்

வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். அந்தக் கணக்குப்படி எங்கள் 11 வயசு ஹேட்ச்பேக்கின் மதிப்பு, வாங்கின விலையில் ஆறில் ஒரு பங்குதான். லோன் ஃபைல் பார்த்தே தலை நரைச்சவனுக்கு, இனி இதில் காசு போடுவது வீண் என்றுதான் தோணும். இருந்தும் போன மாசம் நாலு ஷாக் அப்சர்பரையும் மாற்றினேன். அதுவும் போபால் குவார்ட்டர்ஸ் வாசலில், என் கையால்! (தங்கமணி: "பேனா பிடிக்கிற கைக்கு ஸ்பானர் எதுக்கு?")

காரணம் அம்மா. வயசு 74. போன வருஷம் முதுகில் ஒரு முள்ளெலும்பு நசுங்கிவிட்டது. குலுக்கல் கூடாது என்றார் டாக்டர். போன முறை இங்கே வந்திருந்தபோது, பின்சீட்டில் அவர் உட்கார்ந்து வருவதைக் கண்ணாடியில் பார்ப்பேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னாடியே கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து, உடம்பை அரை இன்ச் தூக்கிக்கொள்வார். "வலிக்குதாம்மா?" என்றால், "இல்லப்பா, நீ ரோட்டைப் பாரு." ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் 9 வேகத்தடை. எது எங்கே என்று என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இந்த முறை ஆறு மாசம் இருக்க வருகிறார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாச்சு. கராஜில் கேட்டால், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க என்றார்கள். சரி, நாமே இறங்கிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஸ்பிரிங் வேலை வேறு, ஷாக் வேலை வேறு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கின ஸ்பிரிங் எழும்பினதோடு நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக். உள்ளே இருக்கிற எண்ணெயை பிஸ்டன் சின்னத் துளைகள் வழியாகத் தள்ளும்போது, ஆட்டம் சூடாக மாறித் தணிந்துவிடும். முன்சக்கரத்தில் இந்த ரெண்டையும் சேர்த்துத் தூண் மாதிரி நிறுத்தியிருப்பதுதான் ஸ்ட்ரட். மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க எஞ்சினியர் 1940களில் வகுத்த அமைப்பு. சின்ன கார்களில் இன்றைக்கும் பெரும்பாலும் அதுதான்.

காரின் ஒரு மூலையை அமுக்கிவிட்டுப் பாருங்கள். ஒரு தரம் எழும்பி நின்றால் சரி. எங்கள் வண்டி மூணு தரம் தலையாட்டியது. பின்பக்கம் ரெண்டு ஷாக்கிலும் எண்ணெய்க் கசிவு.

இந்த ஊர்க் கடையில் 'ஷாக்கர்' என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். ஒன்று மட்டும் மாற்றக்கூடாது, இடதும் வலதும் ஜோடியாகத்தான் மாற்றணும். இல்லாவிட்டால் பிரேக் போடும்போதும் திருப்பும்போதும் ரெண்டு பக்கமும் ரெண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பின்பக்கம் சுலபம். எங்கள் வண்டியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனி. மேலே ஒரு நட், கீழே ஒரு போல்ட். முந்தின ராத்திரியே துருவிளக்கும் எண்ணெய் அடித்து வைத்தேன். காலையில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்ஸிலுக்குக் கீழே ஜாக் கொடுத்தேன். ஷாக்கைக் கழற்றினதும் ஆக்ஸில் தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடக்கூடாது இல்லையா? கழற்றின பழைய ஷாக்கை மகள் ஒரு விரலால் அமுக்கினாள். அப்படியே உள்ளே போய்விட்டது. கீழ் போல்ட்டைக் கடைசியாக முறுக்கினது, சக்கரம் தரையில் நின்ற பிறகுதான். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

முன்பக்கம்தான் ஆபத்து. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே ஒரு நட் இருக்கும். அமுங்கின ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அது ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கருவி போட்டு இறுக்காமல் அதைக் கழற்றினால் குண்டு மாதிரி பறக்கும், ஆளையே கொல்லும். அதனால் அந்த நட்டில் கை வைக்கவே இல்லை. ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி, ரெண்டையும் சாக்கில் கட்டி, ஆட்டோவில் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வலது ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்திருந்தது; அதையும் ஜோடியாக மாற்றினோம். மெஷினில் ஸ்பிரிங்கை இறுக்கி, புது ஷாக், மேல் மவுண்ட், பேரிங் எல்லாம் மாட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் திரும்பப் பொருத்தினேன். மறுநாள் வீல் அலைன்மென்ட்.

ஸ்டேஷனிலிருந்து வந்த அன்றைக்கு அம்மா கைப்பிடியை விடவே இல்லை. புது ஷாக்கர் போட்டது அவர் உடம்புக்குத் தெரியாதே! மூணாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, இங்கே முருங்கைக்காய் விற்கிற விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டே வந்தார். நாலாவது வேகத்தடை தாண்டினதும் கண்ணாடியில் பார்த்தேன். ரெண்டு கையும் மடியில் இருந்தது.

டிஸ்கி: படித்துவிட்டு யாராவது கிளம்பினால், ரெண்டே விஷயம். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அந்த நடு நட்டைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை :-)