மூச்சு வாங்கும் லாரி

கெங்குவார்பட்டியிலிருந்து கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பழைய லாரிகளுக்கெல்லாம் ஒரே வியாதிதான். காட்ரோட்டில் ஒழுங்காக ஏறும் வண்டி, பெருமாள்மலையை நெருங்கும்போது கரும்புகை கக்கும். "மூச்சு வாங்குதுடா" என்பார் அப்பா.

அவர் சொன்னது சரியான கணக்கு. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத டாடா 697 இன்ஜினின் கொள்ளளவு 5.675 லிட்டர். நிமிடத்துக்கு 2,000 சுற்றில் கணக்குப்படி 5,600 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கும். மலைமேலும் அதே 5,600 லிட்டர்தான். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் மட்டும் குறைவு. பம்பு வழக்கமான டீசலைத் தள்ளும். முழுதாக எரியாத மிச்சம் புகையாகிறது.

"பம்ப ஏத்திவிடுங்கண்ணே, இழுக்கும்" என்றார் ஒருவர். "ஃபில்டரக் கழட்டிப் போடுங்க" என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் அப்பா தலையாட்டவில்லை. தூசி உள்ளே போனால் லைனரையும் ரிங்கையும் தின்றுவிடும். வீட்டுக்கு வருமானம் அந்த ஒரு வண்டிதான். என் பாலிடெக்னிக் ஃபீஸும் அதில்தான் வர வேண்டும்.

முதலில் அளந்து பார்த்தோம். தண்ணீர் ஊற்றிய கண்ணாடி ட்யூபை 'ப' எழுத்து மாதிரி வளைத்து, ஒரு முனையை ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் செருகினோம். நின்ற இடத்திலேயே முழு ரேஸ் கொடுத்ததும் இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 45 செ.மீ. வித்தியாசம். அவ்வளவு சிரமப்பட்டு உறிஞ்சியது வண்டி. உறிஞ்சியதும் பானட்டுக்குள் இருந்த சூட்டுக் காற்று. காற்று 30 டிகிரி சூடேறினால் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அப்படியென்றால், தரையில் நிற்கும்போதே வண்டி பாதி மலை ஏறிவிட்ட மாதிரி.

கேபினுக்குப் பின்னால் அகலமான குழாயை உயரமாக நிறுத்தினோம், வளைவுகளைக் குறைத்தோம், மேலே மழைமூடி, கீழே பெரிய காகித ஃபில்டர். ஃபில்டரைத் தாண்டிய பிறகு ஹோஸில் ஓட்டை இருந்தால் தூசி நேரே இன்ஜினுக்குப் போகும். அதனால் மெக்கானிக் மாமா அந்தக் கிளிப்புகளை மட்டும் மூன்று முறை இறுக்கிப் பார்த்தார். மறுபடி அளந்தபோது 20 செ.மீ.

வண்டி ஒன்றும் பறக்கவில்லை. புகை பாதியாகக் குறைந்தது. பின்னால் வரும் பஸ்காரர்கள் திட்டுவதும் குறைந்தது. இன்றைக்கும் யாராவது பம்பில் கைவைக்கப் போனால் அப்பா சொல்வது இதுதான்: "மொதல்ல ஒரு முழம் ட்யூபும் ஒரு சொம்புத் தண்ணியும் கொண்டாப்பா."