'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

'ரன்' என்றால் என்ன என்று எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் 'ஓடு' என்று உடனே சொல்லும். சரிதான். ஆனால் இங்கிலீஷில் ஒருவர் கடை நடத்துவதும் ரன்தான். சளி பிடித்து மூக்கு வடிவதும் ரன். தேர்தலில் நிற்பதும் ரன். வீட்டில் சீனி முடிந்தால் 'ரன் அவுட்'. ஒக்ஸ்போர்ட் பேரகராதி இந்த வினைச்சொல் ஒன்றுக்கே 600க்கும் மேற்பட்ட கருத்துகளைத் தருகிறது!

பயப்பட வேண்டாம். நம்முடைய 'ஓடு' மட்டும் என்னவாம்? பஸ் ஓடுது, படம் ஓடுது, நேரம் ஓடுது, "மண்டை ஓடுதில்ல" என்கிறோம். கூரையிலும் ஓடு, ஆமைக்கும் ஓடு. இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டு நமக்குப் பாடமாக்கித் தரவில்லை. வீட்டுப் பேச்சில் கேட்டுக் கேட்டு வந்தது.

இங்கிலீஷ் புழங்காத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு கருத்து என்று கொப்பியில் எழுதிப் பாடமாக்குகிறது. ஓ.எல். வினாத்தாளில் ஒரு பந்தியை வாசிக்கும்போது, தெரிந்த சொல்லே தெரியாத சொல்லாகிவிடுகிறது. "எனக்கு இங்கிலீஷ் வராது" என்று பிள்ளை தானே தீர்ப்பு எழுதிவிடுகிறது. மூளை குறைந்ததால் அல்ல. சொல்லைத் தனியாகப் படித்ததால்.

உம்மா, வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு வசனம் இருக்கிறதா? இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்கத் தேவையில்லை.