தினம் பத்து வார்த்தை

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு ஒரு வெறி பிடித்தது. தினம் பத்து இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு நெட்டுருப் போடுவது! தாத்தா விட்டுப்போன சொத்தில் என் பங்கு, அட்டை கழன்ற ஓர் அகராதி. சீட்டில் எழுதிக்கொண்டு வாய்க்கால் கரையில் முணுமுணுத்தபடி நடப்பேன். ஜபம் செய்கிறேன் என்று ஊரார் நினைத்திருக்கலாம்.

'ஓ' எழுத்துக்கு வந்த சமயம், அப்பாவின் பென்ஷன் பாக்கியில் ஒரு பாதி கிடைத்தது. ஒரு வருஷமாகத் தூங்கிய காகிதத்தை ஓர் அதிகாரி தாமே தேடி எடுத்து உத்தரவு போட்டிருந்தார்.

"நீதான் இங்கிலீஷைக் கரைத்துக் குடிக்கிறாயே, அவருக்கு நன்றியாக நாலு வரி எழுது" என்றார் அப்பா.

தங்களுடைய 'அஃபீஷியஸ்' ஆன உதவியை மறக்கமாட்டோம் என்று எழுதினேன். அன்போடு உபகாரம் செய்கிற என்பது என் அகராதி சொன்ன பொருள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். திரும்பி வந்தவர் குடையை ஆணியில் மாட்டிவிட்டு, ஊஞ்சலில் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாத இடத்தில் மூக்கை நுழைக்கிறவர் என்று அவரை எழுதிவிட்டோமாம். மீதிப் பணத்துக்கும் அவர்தானேடா கையெழுத்துப் போடவேண்டும்?"

என் சம்பளம் கட்டவேண்டியதும் அந்த மீதியிலிருந்துதான். அகராதியைக் கொண்டுவந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்துப் படித்தார்.

"சரியாய்த்தானே இருக்கிறது!" என்றார்.

சரிதான். 1755-ல் டாக்டர் ஜான்ஸன் வெளியிட்ட அகராதியிலும் முதல் பொருள் அதுவே. அவர் வீட்டில் தங்கி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த ராபர்ட் லெவட் 1782-ல் இறந்தபோது, இரங்கற்பாவில் அதே சொல்லைப் புகழ்ச்சியாகப் போட்டார் ஜான்ஸன். பிறகு அந்த நல்ல பொருள் வழக்கொழிந்துபோயிற்று. 'நைஸ்' என்பதோ ஒரு காலத்தில் அசடு என்று பொருள்பட்டு, இப்போது நல்ல பிள்ளையாகிவிட்டது! ஆண்டாள் துளசியின் மணத்துக்குச் சொன்ன 'நாற்றம்' நம்மிடம் என்ன ஆயிற்று? பழைய நிகண்டை மட்டும் படித்த வெள்ளைக்காரர் ஒருவர் நம் வீட்டுப் பெண்ணின் மல்லிகைப்பூவை அந்த வார்த்தையால் புகழ்ந்தால், காபி கிடைக்குமா?

யார், யாரிடம், எந்த முகத்தோடு அதைச் சொல்கிறார்கள் என்பது என் சீட்டில் இல்லை. அதற்கப்புறம் வார்த்தையோடு அது வந்த வாக்கியத்தையும் எழுதிக்கொண்டேன். பத்து, இரண்டாகச் சுருங்கிற்று.

மறுநாள் அப்பா அகராதியைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு கிளம்பினார். அதிகாரி அந்தப் பக்கத்தைப் படித்தாராம், முதல் பக்கத்தைப் புரட்டி அச்சான வருஷத்தைப் பார்த்தாராம், சிரித்துவிட்டாராம்.

"இதற்கு என் தாத்தா வயசு ஐயா! பையனுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்."

மீதிப் பணம் வந்தது. புது அகராதி வரவில்லை.

"இதில் தப்பு இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டாரே!" என்று சொல்லி, பழைய அட்டையைக் கோந்து போட்டு ஒட்டிக் கொடுத்தார் அப்பா.