மஞ்சள் கால்

கல்யாணம் ஆகி ஒன்றரை வருடம் அப்பா என்னோடு பேசவில்லை. காரணம் புதிதாக ஒன்றுமில்லை, எல்லா ஊரிலும் உள்ளதுதான். கடைசியாகச் சொன்ன ஒரு சொல் மட்டும் காதிலேயே நின்றது: "கலப்படம்." பாலுக்கும் எண்ணெய்க்கும் சொல்கிற சொல்.

அந்த நாட்களில் வேலை முடிந்தும் தூக்கம் வராத இரவுகளில் லீஃப் ஆண்டர்சனின் ஆய்வுகளைப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து மரபியலாளர். நான் அவரிடம் போனது கோழிக்காக.

கம்பம் பக்கம் மலையடிவாரத்தில் அம்மாச்சி கோழி வளர்த்தாள். ஒரு குஞ்சுக்குக் கால் மஞ்சளாக இருந்தால், "காட்டுச் சேவ எறங்கி வந்துட்டுப் போயிருக்குடா" என்று சிரிப்பாள். வீட்டுக்கோழிகள் எல்லாமே சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்று 1868-இல் டார்வின் எழுதினார். 2008-இல் ஆண்டர்சனின் குழு மஞ்சள் தோலுக்கான மரபணுவைத் தேடிப் பிடித்தது. இரையிலிருந்து வரும் மஞ்சள் நிறமியை உடைக்கிற நொதி ஒன்று, மஞ்சள் கோழிகளின் தோலில் மட்டும் அணைந்து கிடக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால், கோடில் யாரும் கை வைக்கவில்லை; ஒரே ஒரு இடத்தில் கான்ஃபிக் ஆஃப். அந்த மாற்றம் வந்தது சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து அல்ல, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கூவுகிற அதே பறவை. இது நடந்தது அம்மாச்சி காலத்துக்கு வெகுகாலம் முன்பு. ஆனாலும் அவள் சொன்ன கதை தப்பில்லை.

ஆண்டர்சன் 1981-லேயே ஹெர்ரிங் மீனில் வேலை செய்தவர். நம் மத்திக்கு உறவு. அட்லாண்டிக்கின் உப்பு நீரிலும் உப்பு குறைந்த பால்டிக்கிலும் வாழ்கிற கூட்டங்களைப் புரதங்களை வைத்து ஒப்பிட்டபோது வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து முழு மரபணுத்தொகுப்பையும் வாசித்தார்கள். பெரும்பகுதி அப்போதும் ஒன்றுதான். ஆனால் உப்போடும் முட்டையிடும் பருவத்தோடும் தொடர்புள்ள நூற்றுக்கணக்கான இடங்களில் தெளிவான வேறுபாடு. பருவத்தோடு தொடர்புள்ள டி.எஸ்.எச்.ஆர். என்ற மரபணுவை 2010-இல் அதே குழு வீட்டுக்கோழியிலும் கண்டிருந்தது. கோழிக்கும் மீனுக்கும் பொதுவாக ஒரு சாவி.

இதையெல்லாம் அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்ப நீளமாக டைப் செய்து வைத்திருந்தேன். அதற்குள் கலாபகஸ் குருவிக்கு வந்துவிட்டேன்.

டாப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973-இலிருந்து குருவிகளைக் கவனித்து வந்தார்கள். 1981-இல் அங்கே ஓர் அந்நிய ஆண் வந்து சேர்ந்தது. அது எந்தத் தீவுக்காரன் என்று பிற்பாடு ஆண்டர்சன் குழு டி.என்.ஏ.வில் கண்டுபிடித்தது: 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எஸ்பனோலா. அது உள்ளூர்ப் பெண்ணோடு சேர்ந்தது. பிறந்த பிள்ளைகளின் அலகும் பாட்டும் வேறு. மூன்று தலைமுறைக்குள் அவை தங்களுக்குள்ளேயே கூட ஆரம்பித்துவிட்டன.

அங்கேயே நின்றுவிட்டேன். கலப்பில் பிறந்தவையே கதவைச் சாத்திக்கொண்டன. இயற்கை என் பக்கமும் இல்லை, அப்பா பக்கமும் இல்லை. குருவியைச் சாட்சிக்கு இழுத்து மனுஷ நியாயம் பேச முடியாது. என் கல்யாணத்துக்கு நியாயம், எங்களுக்குப் பிடித்திருந்தது என்பது மட்டும்தான். மெசேஜை அழித்தேன்.

மகள் பிறந்த மூன்றாம் நாள் அப்பா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. துணியை விலக்கிக் குழந்தையின் காலைத் தொட்டார். "எங்க ஆத்தா காலு மாதிரியே இருக்கு" என்றார்.

முந்தின நாள் மாமியார் அதே காலைப் பார்த்துத் தன் அக்கா கால் என்றிருந்தார்.

இரண்டு பேரும் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.