ஆமை புகுந்த கம்ப்யூட்டர்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று பெரியவர்கள் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். போன மாதம் எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. வாசல் வழியாக அல்ல. கொல்லை வழியாகவும் அல்ல. கம்ப்யூட்டர் திரையின் கீழ் மூலையில், பச்சைப் பசேலென்று, பரம சாதுவாக உட்கார்ந்திருந்தது!

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன், கேளுங்கள். காலஞ்சென்ற என் மாமனார் 2003-ல் தம் வாழ்க்கைக் கதையைத் தாமே கம்ப்யூட்டரில் தட்டி வைத்தார். யூனிகோடு வீட்டுக்கு வீடு வந்திராத காலம். அவர் உபயோகித்த தமிழ் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் ஓடும். எக்ஸ்பியோ 2001-ல் பிறந்து, 2014-ல் பராமரிப்பை இழந்துவிட்டது. ஆகவே என் கணவர் என்ன செய்தார் தெரியுமோ? எங்கள் புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டு, அதற்குள் எக்ஸ்பியைக் குடிவைத்தார். கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர்!

மாமியாருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. "திவசத்துக்குள் அவர் எழுதினதை ஒரு தடவை வாசித்துக் காட்டேன், அம்மா" என்றார். கணவர் வெளியூரில். நானே திறந்தேன். எக்ஸ்பி எழுந்து வர இருபது நிமிஷம். ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு, அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டு வந்தால், அப்போதுதான் அந்த எழுத்து திரையில் தலையை நீட்டும்.

வைத்தியத்தை நானே ஆரம்பித்தேன். நினைவகம் போதவில்லை போலிருக்கிறது என்று, இருந்த 8 ஜிபியில் 6-ஐத் தூக்கி எக்ஸ்பிக்குக் கொடுத்தேன். அளவுக்கோடு பச்சையைத் தாண்டிச் சிவப்புக்குப் போனதை யார் பார்த்தார்கள்? விருந்தாளிக்கு ஆறு இட்லியைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரைப் பட்டினி போட்ட கதையாக, வெளிக் கம்ப்யூட்டரும் மூச்சடைத்து நின்றது. எக்ஸ்பிக்கு 1 ஜிபியே தாராளமாம்!

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம் என்று எக்ஸ்பியை அணைத்து, 'நீக்கு' என்பதை அழுத்தினேன். பட்டியலிலிருந்து மட்டும் நீக்கவா, கோப்புகள் எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது. எல்லாவற்றையும்தான் என்று எண்ணிக்கொண்டே, யோசனை கேட்க என் அண்ணா பிள்ளையைப் போனில் கூப்பிட்டேன்.

"அத்தை! முதலில் மவுஸிலிருந்து கையை எடுங்கள்!" என்று அவன் போட்ட கூச்சல் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

எக்ஸ்பி முழுவதும், மாமனார் எழுதிய பக்கங்கள் உள்பட, 'விடிஐ' என்று முடியும் ஒரே கோப்பில்தான் இருக்கிறதாம். அழித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். அந்தக் கோப்பை வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து முடிக்கிறவரை அவன் வேறு பேச்சே பேசவில்லை. எனக்குக் கை நடுக்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

பிறகு ஆமையைப் பற்றி விளக்கினான். கம்ப்யூட்டரின் மூளையில், இப்படி உள்ளே குடியிருப்பவர்களுக்கென்றே ஒரு வசதி உண்டு. ஒண்டுக் குடித்தன வீட்டுக் குழாய் மாதிரி. விண்டோஸ் தன் குடத்தை நிரந்தரமாக அதன் அடியில் வைத்துவிட்டால், விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் தண்ணீர் வாங்க வேண்டும். அதற்கு அடையாளம் ஆமை. குடத்தை வைத்தது யார்? நான்தான்! சில வாரங்களுக்கு முன் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற காவலை இயக்கியிருந்தேன். பாதுகாப்பு என்றால் வேண்டாம் என்பார்களா?

அதை அணைத்தேன். விண்டோஸ் அம்சங்களின் பட்டியலில் 'ஹைப்பர்-வி', 'வர்ச்சுவல் மெஷின் பிளாட்பாரம்' இரண்டிலும் குறியை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினேன். ஆமையைக் காணோம்! (உங்கள் வீட்டில் ஆமைக்குப் பதில் 'விடி-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது' என்று செய்தி வந்தால், குழாயே மூடியிருக்கிறது, பயாஸ் அமைப்பில் போய்த் திறக்க வேண்டும்.) வேலை முடிந்ததும் காவலை மறுபடி போட்டுவிட்டேன். பராமரிப்பில்லாத எக்ஸ்பிக்கு இன்டர்நெட் தொடர்பையும் துண்டித்தாயிற்று.

அன்று சாயங்காலம் வாசிக்க உட்கார்ந்தேன். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கல்யாணத்தன்று மழை கொட்டியதாக மாமனார் எழுதியிருந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"மழையாவது! அன்றைக்கு நல்ல வெயில். அவருக்கு எப்போதும் மறதி. நீ மேலே படி."