பத்து இஞ்ச் அரம்

வில்லியனூர் கடைத்தெரு. ஹார்டுவேர் கடையின் கண்ணாடிப் பெட்டி மேல் பழைய தினத்தாளை விரித்து, ஆறு அரங்களை வரிசையாக வைக்கிறார் கடைக்காரர். ஆறும் மர அரம். ஒருபுறம் தட்டை, மறுபுறம் வளைவு. எதிரே நிற்கும் ஆசாரி இன்னும் எதையும் தொடவில்லை. கட்டம் போட்ட கைலி, காதில் பென்சில், தோளில் மஞ்சள் பை. நான் கேட்ட ஆணி எப்போதோ கிடைத்துவிட்டது. பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

ஆசாரி முதல் அரத்தை எடுத்து, ஒரு கண்ணை மூடி, தெரு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து நுனி வரை பார்க்கிறார். கீழே வைத்துவிடுகிறார். நுனியில் லேசான கோணல். அரத்தில் பல் வெட்டி முடித்த பிறகுதான் அதைச் சுட்டுத் தோய்ப்பார்கள். அந்தச் சூட்டில் சில அரங்கள் முறுக்கிக்கொள்ளும். அலமாரிக்குப் பட்டி தேய்ப்பவருக்கு இந்தக் கோணல் ஒரு பொருட்டில்லை. இவருக்குப் பொருட்டுதான் போலும்.

இரண்டாவதை வாலைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் நகத்தால் சுண்டுகிறார். ணங் என்கிறது. மூன்றாவது ‘டக்’ என்று அடங்கிவிடுகிறது. உள்ளே எங்கோ விரிசல். அதுவும் ஓரமாகப் போகிறது.

“கம்பெனி அரம்தாங்க எல்லாம்” என்கிறார் கடைக்காரர்.

ஆசாரி முத்திரையைப் பார்க்கவே இல்லை. மிச்சமிருக்கும் நான்கின் பற்களையும் கட்டைவிரலால் வருடுகிறார். முன்னோக்கி வருடினால் வழுக்கும், பின்னோக்கி வருடினால் கடிக்கும். பிறகு மஞ்சள் பையில் கைவிட்டு ஒரு சாண் பனஞ்சிறாம்பை எடுக்கிறார்.

“இங்கேயே தேய்ச்சுப் பாத்துட்டு வேணாம்னா, அதை யாருங்க வாங்குவா?”

“ரெண்டு தள்ளுதான்.”

இரும்புக்கான அரத்தில் கோடு கோடாக வெட்டியிருக்கும். மர அரத்தில் ஒவ்வொரு பல்லும் தனித்தனி. கூரான உளியால் குத்தி எழுப்பிய முள். இயந்திரம் குத்தினால் முட்கள் அணிவகுத்து நிற்கும். ஒரு முள் போன தடத்திலேயே அடுத்ததும் போகும். மரத்தில் பள்ளம் பள்ளமாகக் கோடு விழும். கையால் குத்தியதில் வரிசை கொஞ்சம் பிசகும், அந்தப் பிசகுதான் பரப்பை வழவழப்பாக்குகிறது. பிரான்சில் 1856-இல் தொடங்கிய ஓரியூ பட்டறையில் இன்றும் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகக் குத்துகிறார். பல்லின் நெருக்கத்துக்கு 1 முதல் 15 வரை எண். எண் ஏற ஏற நைசு. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதி இது. அவர்கள் விட்டுப்போன தெருப்பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் ஊர் அரம் வேண்டுமென்றால் மட்டும் கடல் தாண்டித்தான் வர வேண்டும், இங்கே விற்கும் விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து.

ஆகவே ஆசாரிக்கு இருக்கும் வழி, இயந்திர அரங்களிலேயே வரிசை மிகவும் பிசகியதைத் தேடுவது. வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். ஒழுங்காக இருப்பவை தோற்கின்றன. ஐந்தாவது அரத்தின் ஓரத்தில் பற்கள் முன்பின்னாக நிற்கின்றன. சிறாம்பின் மேல் வைத்துச் சாய்வாக இரண்டு தள்ளு. விரலால் தடவுகிறார். இன்னொரு முறை தடவுகிறார்.

“இதுதான். எவ்ளோ?”

“முன்னூத்தம்பது.”

“பல்லு கோணலா இருக்குதே.”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. முன்னூற்றிருபதுக்கு முடிகிறது.

மாலையில் கரிக்கலாம்பாக்கம் தாண்டி, பாகூர் போகிற வழியில் அவர் பட்டறை. பார்க்க வரலாமா என்று கேட்டதற்கு “வாங்க” என்றதோடு சரி. பூவரச மரத்தடியில் ஒரு ஸ்டூலைக் காட்டிவிட்டு என்னை மறந்துபோனார். சுவரோரம் சிஎன்சி இயந்திரம் குடைந்த இரண்டு கதவுகள், அதில் யானையும் தாமரையும். பூட்டு மாட்டுவது மட்டும் இவர் வேலை. ஆங்கிள் கிரைண்டர் ஆணியில் தொங்குகிறது. கட்டில் காலுக்கு அதை எடுப்பார். இன்றைய வேலைக்கு எடுக்க மாட்டார் என்பது, அவர் அதைத் தாண்டிப் போன விதத்திலேயே தெரிகிறது.

வேலை ஒரு வில். கூத்துக்கு.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து ஆடும் ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. வில் வளைப்பு, அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை. கூத்து வில்லுக்கு மூங்கில் பத்தையை வளைத்துக் கலர் பேப்பர் சுற்றினால் போதும். யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இந்த வில்லைச் செய்யச் சொன்ன கூத்து ஜமாவின் வாத்தியார் மெய்யாகவே வளையும் வில் கேட்டிருக்கிறார். விடியற்காலை மூன்று மணிக்குப் பாதிச் சபை தூங்கிக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம். அதை நான் சொல்லவில்லை.

பனை மற்ற மரம் போல இல்லை. நடுவே சோறு, வெளிச்சுற்றில்தான் வைரம். கறுப்பு நார் ஒவ்வொன்றும் ஊசி. ஆகவே தோல் பக்கத்து வைரத்தை வில்லின் முதுகாக விட்டுவிட்டார். அதன்மேல் எந்த ஆயுதமும் படவில்லை. நாண் ஏற்றினால் இழுபடுவது முதுகு. அங்கே ஒரு நார் அறுந்தாலும் அந்த இடத்திலிருந்து பிளந்துகொண்டு போகும். குறைப்பதெல்லாம் உள்பக்கம், வயிற்றில் மட்டும்.

முரட்டு வேலைக்கு வேறொரு அரம் வைத்திருக்கிறார்: நீளமாக, அகலமாக, மாட்டுக்கு லாடம் கட்டியவர் ஒருவரிடமிருந்து வந்தது. குளம்பு தேய்த்த அரம். மேல்நாட்டு வில் தச்சர்களும் குதிரைக் குளம்பு அரத்தைத்தான் முதலில் எடுப்பார்களாம். அது விட்டுப்போன தழும்புகளின் மேல் இப்போது புதிய அரம் இறங்குகிறது. இரண்டு கையாலும் பிடித்து, நார் ஓட்டத்துக்குக் குறுக்கே போகாமல், சாய்வாகத் தள்ளுகிறார். திரும்பும்போது அரம் மரத்தைத் தொடுவதில்லை. இழுத்தால் பல் மழுங்கும், நார் கிளம்பும். பத்துத் தள்ளுக்கு ஒரு தரம் நிறுத்தி, கம்பி பிரஷால் பல்லிடுக்கிலிருந்து பனந்தூளைக் கோதி எடுக்கிறார். தூள் காபிப் பொடி நிறம்.

பிறகு வில்லைச் சுவர்க் கட்டையில் மாட்டி, நாணைக் கயிறு கட்டிக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, நாலடி தள்ளி நின்று பார்க்கிறார். வில்லின் இடது கை நன்றாக வளைகிறது. வலது கையில் பிடிக்கு மேலே ஒரு சாண் விறைப்பாக நிற்கிறது. காதிலிருந்த பென்சிலை எடுத்து அந்த இடத்தில் மட்டும் கோடு போடுகிறார். இறக்குகிறார். நாலே தள்ளு. மறுபடி மாட்டுகிறார். இன்னும் விறைப்பு. இரண்டு தள்ளு. எடுத்த மரத்தை ஒட்ட வைக்க வழியில்லாத வேலை. கிரைண்டர் ஏன் ஆணியிலேயே தொங்குகிறது என்பது இந்த இரண்டு தள்ளில் விளங்குகிறது. பாய்ந்து பாய்ந்து அரைக்கும் அதற்கு ‘இரண்டு’ என்று ஓர் அளவு கிடையாது.

டிவிஎஸ் எக்ஸெல் வந்து நிற்கிறது. வாத்தியார். வெற்றிலை வாய், சட்டைப் பையில் நோட்டு. இறங்கியதும் வில்லை எடுத்து, நாணைக் காது வரை இழுக்கப் போகிறார்.

“வாத்தியாரே, பாதிக்கு மேல போவாதீங்க. இன்னும் பழகல.”

“வெள்ளிக்கெழம வில் வளைப்பு, ஆசாரி.”

“ஞாயித்துக்கெழம தரேன்.”

“ஞாயித்துக்கெழம எனக்கெதுக்கு? அன்னிக்குச் சுபத்திரை கல்யாணம்.”

ஆசாரி வில்லை வாங்கி, வலது கையின் அந்த ஒரு சாண் இடத்தைத் தடவிக் காட்டுகிறார். வாத்தியாரும் தடவிப் பார்க்கிறார். அவருக்கு ஒன்றும் தட்டுப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“வெள்ளிக்கெழமைக்கு மூங்கில் வில்லே வெச்சுக்குங்க. தபசுக்குள்ள இது வந்துடும்” என்கிறார் ஆசாரி. “அப்புறம், அரம் ஒண்ணு புதுசா வாங்கினேன். முன்னூத்தி இருபது. அதையும் கணக்குல சேத்துக்கணும்.”

“அரம் உன்கிட்டதான இருக்கப் போவுது?”

“பல்லு தேயறது உங்க வில்லுல இல்ல?”

வாத்தியார் நோட்டை எடுத்து, பாதி போட்டு எழுதுகிறார்.