முள் சொன்ன பொய்

மூதூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 2006ஆம் ஆண்டு காணாமல் போன அவருடைய கணவர் விட்டுச் சென்றது ஒரு பழைய டீசல் வான். பல வருடம் அது முற்றத்தில் கிடந்தது. பிறகு அக்காவே சாரதி அனுமதிப் பத்திரம் எடுத்தார். இன்று அந்த வானில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின் அந்தத் துறையில் பாதைக்குக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. திருகோணமலைக்கும் வாடகைக்குப் போய் வருவார்.

போன மாரியில் அவரைப் பார்க்கச் சென்றபோது, "வானை வித்துப் போடுவமோ எண்டு யோசிக்கிறன், தங்கச்சி" என்றார்.

லைற் போட்டால் வெப்பம் காட்டும் முள்ளும் டீசல் முள்ளும் சேர்ந்து மேலே ஏறினவாம். எஞ்சின் கொதிக்கிறது என்று பெற்றோர் பயந்தார்கள். மீற்றர் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அது அக்காவின் இரண்டு மாத வருமானம்.

"2022இல டீசலுக்கு நாள் கணக்கா வரிசையில நிண்டம். அப்ப இந்த முள்ளைப் பாத்துத்தான் நாளைக்கு ஓடலாமா எண்டு முடிவெடுத்தன். இப்ப அதையும் நம்பேலாது" என்று கண் கலங்கினார்.

நான் படித்தது சமூகவியல். ஆனால் எங்கள் அலுவலகத்துப் பழைய வானில் ஈச்சிலம்பற்று வரை திரிந்த காலத்தில், சாரதி ஐயா ஒன்று சொல்லித் தந்தார். ஒரு முள் மட்டும் பிழையாகக் காட்டினால் அதற்குரிய வயரைப் பார்க்க வேண்டும். எல்லா முள்ளும் சேர்ந்து ஆடினால் எல்லாவற்றுக்கும் பொதுவான 'எர்த்'தைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது றேடியேற்றரில் தண்ணீர் பார்த்தோம். நிறைய இருந்தது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி லைற்றைப் போட்டோம். முள் ஏறியது! குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கொதிக்கும்? பிழை எஞ்சினில் இல்லை, மின்சாரத்தில்தான்.

பற்றரியிலிருந்து போகும் மின், வாகனத்தின் இரும்பு உடம்பு வழியாகவே திரும்புகிறது. கடற்காற்றின் உப்பால் அந்த இணைப்பு கறள் பிடித்தால் மின் ஒழுங்காகத் திரும்பாது. முட்கள் பிழையாகக் காட்டும்.

பற்றரியின் நெகற்றிவ் வயரை முதலில் கழற்றினோம். பலகையின் பின்னால் கறள் பிடித்த எர்த் ஆணியை அக்காவே கண்டுபிடித்தார். அரத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிறீஸ் பூசி, பற்றரியை மறுபடி கொழுவினோம். லைற் எரிந்தது, முள் அசையவில்லை.

சகோதரிகளே, ஓடும்போது முள் சிவப்புக்கு ஏறினால் முதலில் வண்டியை நிறுத்துங்கள். சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். எரிந்த ஃபியூஸுக்குப் பதிலாக ஈயத்தாள் வைக்க வேண்டாம்; வயர் தீப்பிடிக்கும். பெரிய செலவு சொன்னால், என்ன பழுது என்று காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

"அவர் இருந்திருந்தா இதைப் பாத்திருப்பார்" என்றார் அக்கா. கையைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். "பரவாயில்லை. இப்ப நான் பாத்திட்டன்."

பாடசாலை மணிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. வான் புறப்பட்டது.